அம்மா தூங்குகிற நேரம்

எங்கள் மாடியில் ஐந்தாறு வாத்தியம் வாசிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி இருந்தாள். அது மாடியில் யாருக்கும் தெரியாது, அவளைப் பெற்றவளுக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் துணி கொடுத்தது நான்தான்.

நான் தையல்காரி. வீடும் கடையும் எனக்கு ஒன்றுதான். முன்னறையில் மெஷின், பின்னறையில் அடுப்பும் படுக்கையும். மெஷினுக்கு அடியில் வெட்டுத்துணி எப்போதும் ஒரு மூட்டை கிடக்கும். பக்கத்து வீட்டு மில் அக்காவின் மகள் அடிக்கடி வந்து அந்த மூட்டைக்குள் தலையை விட்டுத் துழாவுவாள். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஊர்ப்பட்ட பேருக்குக் கிறீச்சிடும் என் கதவு அவள் கைக்கு மட்டும் வாயே திறக்காது. அதனால் மாடி முழுக்க அவளுக்குப் பூனை என்று பெயர். பொம்மைக்குச் சட்டை தைக்கிறாளாக்கும் என்று நான் முதலில் கண்டுகொள்ளவில்லை.

"சித்தி, கம்பளித் துண்டு இருந்தா குடுங்க. பருத்தி சரிப்படல."

"எதுக்குடி சரிப்படல?"

"சத்தம் வெளிய வந்துடுது."

என்ன சத்தம் என்று கேட்டேன். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு என்னை அவள் வீட்டுக்கு இழுத்துப் போனாள். நல்ல வெயில் நேரம். அறையில் மில் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டி நாங்கள் இருவரும் திருடப் போகிறவர்கள் மாதிரி அடுக்களைக்குள் நுழைந்தோம். கதவைச் சாத்தி, கதவிடுக்கில் என் வெட்டுத்துணியை வைத்து அடைத்தாள். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு வயலினை எடுத்தாள். நரம்புகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டினாள். பிறகு வில்லை வைத்து இழுத்தாள். காதைக் கிட்டத்தில் கொண்டுபோன பிறகுதான் எனக்கு அது பாட்டென்றே தெரிந்தது. என் கடை ரேடியோவில் காலையில் ஓடிய பாட்டு. ஓர் இடம் பிசகாமல் இருந்தது. எனக்குச் சங்கீதம் ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் உடம்பு சிலிர்த்தது. சிலிர்த்ததைக்கூடச் சத்தம் போடாமல்தான் சிலிர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவள் அப்பா வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் லாரிக்காரர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். இருக்கிற பாதியில் என் கடை வாசலில் நின்றுகொண்டு டீயை ஆற்றி ஆற்றிக் கதை சொல்வார்.

"எல்லா வீட்லயும் பரண்ல ஒண்ணு கிடக்குது டெய்லரம்மா. ஒண்ணு கிட்டாரு, இல்ல ஆர்கன், இல்ல பீப்பி. பிள்ளை கத்துக்கும்னு ஆசையா வாங்குவாங்க. அது நாலு நாள் தட்டிப் பாத்துட்டு மூலையில போட்டுடும். வீடு மாத்துறப்ப, 'இதை நீயே எடுத்துட்டுப் போப்பா'ம்பாங்க. ஒருத்தனாவது பீரோவை எடுத்துட்டுப் போன்னு சொல்லியிருக்கானா சொல்லுங்க."

அப்படி வந்தவைதான் எல்லாம். யார் யாரோ பெற்ற பிள்ளைகள் அலுத்துப்போய் விட்டதெல்லாம் இந்த ஒற்றைப் பிள்ளையிடம் வந்து சேர்ந்தன. முதலில் வந்தது ஒரு மவுத் ஆர்கன். அப்போது அவள் பால் பல் விழுந்த வாயோடு திரிந்தாள். அதை ஒரு மத்தியானம் பூராவும் ஊதித் தள்ளினாள், பாவம், ஆசை.

மில் அக்காவுக்கு இரவு ஷிஃப்ட். பொழுது சாயப் போனால் விடிந்து வருவாள். குளித்து, ரொட்டியும் டீயும் வயிற்றில் போட்டுக்கொண்டு படுத்தால் மறுபடி பொழுது சாயும்போதுதான் எழுவாள். அந்தத் தூக்கம்தான் அவளுக்குச் சோறு. அன்றைக்கு மவுத் ஆர்கன் அவளைப் படுக்கவிடவில்லை. எழுந்து வந்து பிடுங்கிச் சுவரில் எறிந்தாள். "என் தூக்கத்துல மண்ணள்ளிப் போடறியா நீ" என்று முதுகில் ஓர் அறை. என் வீட்டுப் பலகைச் சுவர் வழியாக எனக்கே கேட்டது. அதே கண்ணெரிச்சலோடு மில்லுக்குப் போனவள் தறியில் வலது கையைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆட்காட்டி விரலின் நுனி போய்விட்டது.

கட்டுப்போட்ட கையோடு வந்த அக்கா மகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்க்க வந்தவர்களிடம், "கண்ணு கொஞ்சம் சொக்கிடுச்சு, அவ்வளவுதான்" என்றாள். அது போதுமாயிருந்தது அந்தக் குழந்தைக்கு. யாரும் சுமத்தாத பழியை அவளாகவே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். அன்றையிலிருந்து அவள் பூனையானாள்.

ஆனால் வாசிப்பதை விடவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். வேறு பிள்ளை என்றால் அந்த மவுத் ஆர்கனைத் தொட்டிருக்காது. இவள் நசுங்கிய தகட்டைக் கரண்டிக் காம்பால் நிமிர்த்தி, போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு, மூச்சைவிடச் சன்னமாக ஊதப் பழகினாள். கிட்டார் வந்தபோது நரம்புக்கு அடியில் துணியைத் திணித்து மீட்டினாள். கீபோர்டு வந்தபோது சத்தத்தை அடிமட்டத்தில் வைத்து ஸ்பீக்கர்மேல் காதைப் படுக்கப்போட்டு வாசித்தாள். புல்லாங்குழலுக்குத் துணி தேவைப்படவில்லை, உதட்டை வைக்கிற விதத்திலேயே அதை அடக்கிவிட்டாள். டிரம்பெட் ஒன்று வந்தது. அதற்குத்தான் என்னிடமிருந்த கம்பளியெல்லாம் போனது. வாய் நிறையத் துணி அடைத்த அந்தப் பித்தளையில் காற்றுத்தான் வரும். அந்தக் காற்றிலும் மேல் கீழ் பார்த்து ஒரு பாட்டைக் கட்டினாள்.

யாரும் சொல்லித்தரவில்லை. என் கடை ரேடியோவில் கேட்பாள், வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பொத்தான் கட்டித் தருவாள், மறுநாள் அடுக்களையில் தேடுவாள். கிட்டாரில் கண்டுபிடித்ததை வயலினில் தேடுவாள். வயலினில் சந்தேகம் வந்தால் கீபோர்டில் போய்ப் பார்த்து வருவாள். ஒரு தடவை என் மெஷின் ஓடுகிற ஓட்டத்தையே கிட்டாரில் தட்டிக் காட்டினாள், நூல் அறுந்து நான் திட்டுகிற இடம் உட்பட. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ராத்திரி என் வீட்ல வாசியேன்டி, அம்மாதான் இல்லையே" என்று கேட்டிருக்கிறேன். அக்கா மில்லுக்குப் போனதும் பூனை வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடுதான் சாப்பிட்டுப் படுப்பாள். ஆனால் எங்கள் கட்டடம் முழுக்கப் பலகைத் தளம். ஒருத்தர் தும்மினால் மூன்று வீட்டில் திரும்பிப் படுப்பார்கள். கீழ்வீட்டு மனுஷர் துடைப்பக் கட்டையால் மேலே இடிப்பதற்கென்றே பிறந்தவர். ஆகவே பகல்தான் அவளுக்கு நேரம். அம்மா தூங்குகிற நேரம்தான் அவள் வாசிக்கிற நேரம்.

அக்காவோ என்னிடம் பெருமை பேசுவாள். "நான் படுத்தா எம் பொண்ணு ஒரு டம்ளரைக்கூட உருட்டமாட்டா, தெரியுமா? லாரிக்காரரு கொண்டாந்து போட்டதையெல்லாம் வெச்சுக்கிட்டு என்னமோ நோண்டிக்கிட்டிருக்கா. ஒருநாள் லீவு போட்டுட்டு, உக்காந்து, வாசிடின்னு சொல்லிக் கேக்கணும்."

லீவு வந்தால் துவைக்கிற துணி இருக்கும். துவைத்து முடித்தால் பாக்கித் தூக்கம் இருக்கும். அந்த ஒருநாள் வராமலே மகள் தலைக்கு மேல் வளர்ந்து நின்றாள்.

மில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தறிகள் போடும் இரைச்சலில் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவள் காதில்கூட ஒன்றும் ஏறாது. அதனால் அங்கே எல்லோரும் குரலை விட்டுவிட்டு உதட்டால் பேசுவார்கள். முதுகு காட்டி நிற்பவளைக் கூப்பிட வேண்டுமானால் பலகைத் தரையில் காலால் ஓங்கி ஒரு மிதி. அதிர்வு பாதத்தில் ஏறியதும் அவள் திரும்பிப் பார்ப்பாள். அக்கா வீட்டிலும் அப்படித்தான். மகளைக் கூப்பிட ஒரு மிதி மிதிப்பாள், கீழ்வீட்டுத் துடைப்பக் கட்டை பதில் சொல்லும். வீட்டுக்காரர் வாடகை விஷயமாக வந்து நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே, தாயும் மகளும் அவர் தோளுக்கு மேலே உதட்டை அசைத்து அவர் தொப்பையைப் பற்றிப் பேசி முடித்துவிடுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் பாதி புரிய ஆரம்பித்தது.

இந்தப் பழக்கம்தான் எங்கள் எல்லோர் கண்ணையும் மறைத்துவிட்டது. முகத்தைப் பார்த்துப் பேசினால் அக்கா டாண் டாணென்று பதில் சொல்வாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் போய்க்கொண்டே இருப்பாள். திமிரைப் பார் என்று நானும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வேன். ஒருநாள் மில்லில் பாவு நூல் சுற்றிய பெரிய உருளைகளை ஏற்றிய வண்டி பின்னாலிருந்து வந்தது. தள்ளிவந்தவன் தொண்டை கிழியக் கத்தினான். அக்கா நகரவேயில்லை. இடித்துக் கீழே தள்ளி முழங்காலைப் பெயர்த்துவிட்டது. மில்காரர்கள் காதைப் பரிசோதிக்கச் சொன்னார்கள். பரிசோதித்ததும் இனி வர வேண்டாம் என்றார்கள்.

காது டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு என்னிடம் சொல்லத் தொடங்கினார். அக்கா நடுவில் புகுந்தாள். "டாக்டர், என் காது. என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சொன்னார். வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதில் கொஞ்சம் இருக்கிறது, கனத்த சத்தம் மட்டும் ஏறும். அதுவும் தங்காது, போய்க்கொண்டே இருக்கிறது. காதில் மெஷின் மாட்டினாலும் உபயோகம் இருக்காது.

படியிறங்கும்போது அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"லாரி ஹாரன் கேக்குதுடி. கதவை அறைஞ்சா கேக்குது. உன் ரேடியோ எப்பவோ போச்சு."

"சொல்லவேயில்லையேக்கா நீ."

"சொன்னா தறியில நிக்கவிடுவாங்களா? நான் என்ன பாட்டுக் கச்சேரிக்கா போறேன், இந்தக் காதை வெச்சுக்கிட்டுன்னு இருந்துட்டேன்." ஒரு படி இறங்கி மறுபடி நின்றாள். "இப்பத்தான் கச்சேரிக்குப் போகணும்போல இருக்கு. மிச்சமிருக்கிறதும் போறதுக்குள்ள அவ வாசிச்சு ஒரு தடவை கேட்டுரணும்டி. ஒரே ஒரு தடவை. வேற எனக்கு என்ன வேணும்?"

அன்று சாயங்காலமே மகளை உட்காரவைத்து, "எடு, எல்லாத்தையும் எடு, வாசி" என்றாள். அரிசி டப்பாவுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. பூனை வயலினை எடுத்தாள். அக்கா இடது காதைக் கொண்டுபோய் வில்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். பாட்டு எனக்குக் கேட்டது. அக்கா முகத்தில் ஒன்றும் இல்லை.

"சத்தமா வாசிடி."

கிளிப்பைக் கழற்றினாள். ஆனால் கையில் கிளிப் மாட்டியிருந்ததே, அதை எப்படிக் கழற்றுவது? வில் நரம்பில் படும்போதே தானாக மெலிந்தது. அழுத்தினால் கீச்சென்று பிசிறியது, பிசிறியதும் கை நின்று கண் கட்டில் பக்கம் போனது. கட்டிலில் யாரும் இல்லை. டிரம்பெட்டிலிருந்து துணியை உருவிப் போட்டு ஊதினாள். பழகிய மூச்சுதான் வந்தது, வெறும் காற்று. அத்தனை வருஷம் சத்தம் வராமல் வாசிக்க மட்டுமே கற்றுக்கொண்ட பிள்ளை. சத்தம் மட்டுமே ஏறுகிற காதோடு எதிரில் அம்மா.

பூனை டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "எப்பலேருந்தும்மா கேக்கல?"

"விரல் போன சமயத்துலயே ஒரு காது மந்தம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா."

"அப்ப நான் மத்தியானத்துல வாசிச்சிருந்தா, சாதாரணமா வாசிச்சிருந்தா, உன் தூக்கம் கெட்டிருக்காதாம்மா?"

"தெரியலடி. நீ ஒரு டம்ளரைக்கூட உருட்டினதில்லையே."

அதற்குமேல் அங்கே என்னால் இருக்க முடியவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து அவள் சத்தம் கற்றுக்கொள்ளப் போனாள். அதற்கும் யாரும் சொல்லித்தரவில்லை. லாரி நிற்கிற மைதானத்தில், அப்பாவின் லாரிப் பெட்டிக்குள் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள். அவர் வெளியே சக்கரத்தின்மேல் உட்கார்ந்து காவல். மழைக்காலம் தொடங்கியிருந்தது. நான் ரொட்டியும் அவித்த முட்டையும் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, செருப்பெல்லாம் சேறாக அங்கே போவேன்.

"உள்ள யாரைப் போட்டு அடிக்கிறேன்னு கேட்டுட்டுப் போறான் ஒருத்தன்" என்றார் லாரிக்காரர். சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது. "நான்தானே டெய்லரம்மா கொண்டாந்து கொண்டாந்து குடுத்தேன். இது எப்ப வாசிக்கும், எங்க வாசிக்கும்னு ஒருநாளாவது கேட்டிருக்கனா?"

"இப்பக் கேட்டு என்ன மாமா. இந்த முட்டையைத் தின்னுங்க."

கதவைத் திறந்தால் அவள் காலி லாரிக்குள் வியர்த்து நின்றுகொண்டிருப்பாள். முகவாயில் வயலின் அழுத்திய தடம் சிவந்திருக்கும்.

"வருதாடி?"

"சத்தம் வருது சித்தி. பாட்டு ஓடிப்போயிடுது." ரொட்டியைப் பிய்த்தாள். "பெருசா இழுத்தா என் கை மாதிரியே இல்ல. வேற யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கு."

ஆனாலும் விடுகிறவளா? கொஞ்சம் கொஞ்சமாகப் பாட்டையும் சத்தத்தையும் ஒரே இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். சில நாள் போனதும் லாரிக் கதவு சாத்தியிருக்கும்போதே மைதானத்து மூலையில் எனக்குக் கேட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வாசித்துவிடலாம் என்று சொன்னபோது, பிறந்ததிலிருந்து முதல்தடவையாக அவள் குரலும் உயர்ந்திருந்தது.

அந்த வாரத்தில்தான் ஒரு மத்தியானம் அக்கா என் கடையில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மில் வேலை போன பிறகு எனக்கு அந்த வேலை செய்து கொடுத்தாள். நுனியில்லாத விரலால் ஊசி பிடிக்க ஒரு தனி வழி வைத்திருந்தாள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கட்டடத்துக்குத் தகரக் கூரை. மழை அடித்தால் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி இருக்கும். என் மெஷின் சத்தம் எனக்கே கேட்கவில்லை. மழை நிற்கட்டும் என்று மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "ஏண்டி நிறுத்திட்ட? என்னமோ ரொம்பப் புழுங்குது. மழை வருமா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் கண் போன திசையில் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்பலேருந்துக்கா?" என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

"நாலஞ்சு நாளா. ஹாரனும் போயிடுச்சு." பொத்தானைக் கையில் உருட்டினாள். "அவகிட்ட வாயைத் திறந்த, தொலைச்சுப்புடுவேன்."

"ஞாயித்துக்கிழமை என்னக்கா பண்ணுவ?"

"கேப்பேன். என் புள்ளை வாசிக்கும், நான் கேப்பேன். அந்த லாரிக்குள்ள நின்னு அந்தப் பாடு படுதே, அதுக்கு நான் கேட்டேன்னு இருக்கட்டும். கண்ணைத் திறந்து வெச்சிருந்தா கண்டுபிடிச்சிடுவா. என் முகத்துல பேன் பாக்கிற மாதிரி பாப்பா அவ. அதனால கண்ணை மூடிக்கிறேன். கச்சேரியில பெரிய மனுஷங்க மூடிக்குவாங்கல்ல, அப்படி." கொஞ்சம் யோசித்தாள். "முடிஞ்சது மட்டும் எனக்குத் தெரியாது. நீ பக்கத்துல உக்காந்துக்க. அவ முடிச்சதும் உன் காலால என் காலை ஒரு இடி இடி. மில்லுல இடிக்கிற மாதிரி. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

ஞாயிறு வந்தது. மழை விட்டு வெயில் அடித்தது. அக்கா வழக்கமாகப் படுக்கிற நேரத்தைத்தான் மகள் பிடித்துவைத்திருந்தாள். அடுக்களைக் கதவிடுக்கிலிருந்து என் வெட்டுத்துணியையெல்லாம் உருவி ஒரு பையில் போட்டு மூலையில் வைத்திருந்தாள். ஜன்னல், கதவு எல்லாம் திறந்து கிடந்தன. துணி கிளிப் ஜன்னல் கட்டையில் சும்மா இருந்தது. லாரிக்காரர் சவரம் செய்துகொண்டு வந்து நிலைப்படியில் நின்றார். அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள், நான் அவள் பக்கத்தில். காலோடு கால் ஒட்டிக்கொண்டோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

பூனை நின்றுகொண்டு வாசித்தாள். வில்லை முழுக்க இழுத்தாள். அறை கொள்ளவில்லை. பலகைச் சுவர் அதிர்ந்தது, அலமாரியில் டம்ளர்கள் கூடச் சேர்ந்து நடுங்கின. பக்கத்து வீடுகளில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் குடியிருந்தும் அவள் குரலைக்கூடக் கேட்டிராதவர்கள் வாசலில் வந்து கூடினார்கள். கீழ்வீட்டு மனுஷர் துடைப்பக் கட்டையோடு மேலே ஏறி வந்தவர், கட்டையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். லாரிக்காரர் கண்ணைத் துடைக்காமலே அழுதார். அக்கா தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஆட்டலுக்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. மகள் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு ஏறி ஏறி ஓரிடத்தில் போய் நின்றது. வில் நரம்பை விட்டு மேலே எழுந்தது. அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவள் கை அந்தரத்தில் இருந்தது. முடிந்தது என்று நினைத்து நான் அக்கா காலை இடித்தேன்.

பாட்டுக்கு நடுவில் அப்படி ஒரு நிறுத்தம் உண்டு என்பது எனக்கு எங்கே தெரியும்? நான் காலை எடுப்பதற்குள் வில் கீழே இறங்கிவிட்டது. முன்னைவிடப் பெரிதாகப் பாட்டு மறுபடி கிளம்பியது. அதற்கு நடுவில் அக்கா, மூடிய கண்ணோடு, சிரித்த முகத்தோடு, கையைத் தட்டினாள்.

"என் கண்ணே, எவ்வளவு நல்லா வாசிச்ச! எல்லாம் கேட்டேன்டி. ஒண்ணுவிடாமக் கேட்டேன். முடிக்கிறப்ப என்னமா முடிச்ச!"

வில் இன்னும் கொஞ்ச தூரம் தானாகப் போயிற்று. பிறகு நின்றது. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு கீழே எங்கள் கால்களைப் பார்த்தாள். அக்கா கண்ணைத் திறந்தாள். வில் நரம்பின்மேலேயே இருப்பதைப் பார்த்தாள். வாசலில் நிற்பவர்கள் முகத்தைப் பார்த்தாள். தட்டிய கை மடியில் விழுந்தது.

"முடியலையா?" என்று என்னிடம் கேட்டாள், குழந்தை மாதிரி.

லாரிக்காரர்தான் வாசலில் நின்றவர்களைப் போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். கீழ்வீட்டு மனுஷர் பலகைப் படியில் ஓசைப்படாமல் இறங்கிப் போனதை அன்றுதான் கண்டேன். அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நுனியில்லாத விரல் வழியாக ஒரு கண் தெரிந்தது, அதையும் இறுக மூடிக்கொண்டாள்.

பூனை அழவில்லை. ஜன்னல் கட்டைக்குப் போய்க் கிளிப்பை எடுத்தாள், வயலினில் மாட்டினாள். கட்டிலுக்குக் கீழே பலகைத் தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து வாசித்தாள். லாரிக்குள் கற்றுக்கொண்ட கையால் அல்ல, தன் சொந்தக் கையால். எத்தனையோ பகல் அடுக்களைக்குள் எப்படி வாசித்தாளோ அப்படியே. நான் குனிந்து கேட்டேன். அந்தப் பெரிய வாசிப்பில் இல்லாததெல்லாம் இதில் இருந்தது. அக்காவுக்குக் கொடுக்க முடியாத ஒன்றை நான் மட்டும் உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறேனே என்று எனக்குக் கூசியது. நிறுத்தம் வந்தது, நான் அசையவில்லை. அதைத் தாண்டிப் பாட்டு போய், மெலிந்து, முடிந்தது.

வில்லைக் கீழே வைத்துவிட்டுப் பூனை எழுந்து நின்றாள். வலது காலைத் தூக்கிப் பலகைத் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

அக்கா கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "முடிஞ்சிருச்சா?"

மகள் குரல் இல்லாமல் உதட்டை அசைத்தாள். முடிஞ்சிருச்சும்மா.

"சத்தமாவா வாசிச்ச?"

இல்லம்மா. மெதுவா.

"ஏண்டி? இப்பவுமா? யாருக்காகடி இனிமே?"

பூனை பக்கத்தில் வந்து அம்மா முகத்துக்கு நேராகக் குனிந்தாள். ஒவ்வொரு சொல்லாக உதட்டில் வைத்துச் சொன்னாள். நீ தூங்குற நேரமில்லையாம்மா இது.

அக்கா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மகள் போர்வையை இழுத்து மூடிவிட்டாள். மூலையிலிருந்த பையிலிருந்து என் துணிகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கில் துணி ஒவ்வொன்றாக வந்து அடைந்தது.